தாலி ஏறிய பிறகும் பதிவேடு காலியாக இருந்தால்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்துக்குள் சட்டம் நுழையும் இடங்கள்

டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சில காலமாக ஒரு பேச்சு சுற்றி வருகிறது. கோயிலில் நடக்கும் கல்யாணத்தை இனி அரசாங்கமே ஒப்புக்கொள்ளும், தனியாகப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பது அந்தப் பேச்சு. இதற்கு மூலமாக இருந்தவை இரண்டு செய்திகள். 2022 ஜூன் 28 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், முஸ்லிம் திருமணங்களை அங்கீகரிக்காத அளவுக்குத் திருமணச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் சாசனத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2024ல் விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டது.

இரண்டும் முஸ்லிம் திருமணங்களைப் பற்றியவை. இந்து முறைப்படி மட்டும் நடந்த திருமணத்தை அவை தொடவில்லை. தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட தம்பதியின் நிலை இன்னமும் அரைகுறையாகவே இருக்கிறது. வீடு, கடை, கடன், உயில் என்று போகிற இடமெல்லாம் அந்த அரைகுறை நிலை கூடவே வருகிறது. ஆகவே அடியிலிருந்து பார்ப்போம்.

நம்மை ஆளும் சட்டம் எது

தென்னாப்பிரிக்காவின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டம். டச்சுக்காரர்கள் கேப் பகுதிக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலச் சட்டம் அதில் நிறையக் கலந்தது. அதன்மேல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 1996ஆம் ஆண்டின் அரசியல் சாசனம். இந்த அடுக்கில் இந்துச் சட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. பல தவறான முடிவுகள் இதை மறப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

1. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டம் 1955, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஆகியவை இங்கே வாழும் குடும்பத்தின் கல்யாணத்துக்கோ சொத்துக்கோ பொருந்தா. சென்னையிலோ தஞ்சாவூரிலோ உள்ள உறவினர் சொல்லும் சட்ட ஆலோசனை அங்கே சரியாக இருக்கலாம். இங்கே அதற்கு வேலை இல்லை.

2. வழக்காற்றுத் திருமணங்களை அங்கீகரிக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ‘நம்முடையதும் வழக்காறுதானே’ என்று அதைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தச் சட்டம் இந்த மண்ணின் ஆப்பிரிக்கச் சமூகங்களின் வழக்காற்றுக்கு மட்டுமே உரியது.

3. சாசனத்தின் 15ஆம் பிரிவு, சமய முறைத் திருமணங்களை அங்கீகரித்துச் சட்டம் இயற்றத் தடையில்லை என்கிறது. தடையில்லை என்பதற்கு மேல் அது போகவில்லை. சட்டம் வந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

பதிவேட்டில் ஒரு பதிவுக்காகச் சிறை போனவர்கள்

இந்தச் சிக்கலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பன் துறைமுகத்தை அடைந்த நாளிலிருந்தே, நம் கல்யாணத்தை அரசு எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்ற கேள்வி இருந்து வந்தது. அது வெடித்தது 1913 மார்ச்சில். கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், குடியேற்ற வழக்கு ஒன்றில், பலதார மணத்துக்கு இடம்தரும் சமய முறையில் நடந்த திருமணம் இங்கே செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரே மனைவியோடு வாழ்ந்தவர்களுக்கும் இது பொருந்தியது. ஒரு கையெழுத்தில் ஆயிரக்கணக்கான மனைவிகள் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள்.

அந்த ஆண்டு காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்கள் முன்னால் வந்து நின்றதற்கு, ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள்மேல் விதித்த 3 பவுண்டு வரி மட்டும் காரணமில்லை. இந்தத் தீர்ப்பும் காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பியவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை என்று தமிழகம் போற்றும் ஜோகன்னஸ்பர்க் பெண் சிறையில் நோய்வாய்ப்பட்டு, விடுதலையான சில நாளில், 1914 பிப்ரவரி 22ல் இறந்தாள். அவளுக்கு வயது 16.

அதே 1914ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை நீக்கியது. இந்தியச் சமயங்களின் பூசாரிகளைத் திருமண அதிகாரிகளாக நியமிக்கவும், ஏற்கெனவே ஒருவனுக்கு ஒருத்தியாக வாழும் தம்பதிகள் தங்கள் திருமணத்தைப் பதிந்துகொள்ளவும் அது வழி செய்தது. இந்த ஏற்பாட்டின் வாரிசு இன்றும் உயிரோடு இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ‘எந்த இந்தியச் சமயத்தின் சடங்குப்படியும்’ திருமணம் நடத்தி வைக்க அதிகாரிகளை நியமிக்கலாம் என்கிறது. அதாவது கதவு 1914லேயே திறந்துவிட்டது. பலர் அதற்குள் நுழையாமல் வாசலிலேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நுழையாததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் (இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டம்) டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்களைப் பிடுங்கி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. அதைக் கண்ட தலைமுறைக்குச் சட்டம் என்றாலே வீட்டைப் பறிக்க வருகிற காகிதம். அந்தப் பயத்தை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை இன்று கொடுப்பவர்கள் பெரும்பாலும் விதவைகளும் தம்பிமார்களும்.

கல்யாணம்: மூன்று நிலைகள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் தமிழ்க் கல்யாணமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சட்டத்துக்கு அவை மூன்று வகை.

1. ஐயரே நியமிக்கப்பட்ட திருமண அதிகாரியாக இருந்து, மணமக்களும் இரண்டு சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்திட்டால், அது முழுச் சட்டத் திருமணம். தாலியும் பதிவேடும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயில், அரசு அலுவலகம், தனி வீடு ஆகியவற்றையே 1961ஆம் ஆண்டுச் சட்டம் திருமண இடமாகச் சொல்கிறது. கதவும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. வாடகை மண்டபத்தில் நடக்கும் கல்யாணங்களில் பதிவை வேறொரு நேரத்தில், வேறோர் இடத்தில் வைத்துக்கொள்வது அதனால்தான்.

2. மண்டபத்தில் தாலி கட்டி, முன்போ பின்போ ஹோம் அஃபேர்ஸ் எனப்படும் உள்துறை அலுவலகத்தில் பதிந்தால் அதுவும் முழுத் திருமணம். ஆனால் சட்டத்துக்குக் கல்யாண நாள் கையெழுத்துப் போட்ட நாள்தான். அழைப்பிதழில் அச்சிட்ட நாள் கணக்கில் வராது.

3. தாலி மட்டும். இங்கேதான் அரைகுறை நிலை.

மூன்றாம் வகைக்கு நீதிமன்றங்கள் துண்டு துண்டாகக் கை கொடுத்திருக்கின்றன. 2007ல் வெளியான டர்பன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில், இந்து முறைப்படி மட்டும் மணந்து, பதியாமல் வாழ்ந்த தம்பதிக்கு விவாகரத்துச் சட்டத்தைப் பொருத்த நீதிமன்றம் மறுத்தது. சட்டப்படி மணக்கும் வழி இருந்தும் அவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது அங்கே எடைபோடப்பட்டது. அடுத்த ஆண்டே அதே டர்பனில் வேறொரு வழக்கு. இந்து முறைப்படி மட்டும் மணந்த பெண்ணின் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தில் ‘வாழ்க்கைத் துணை’ என்ற சொல், ஒருவனுக்கு ஒருத்தியான இந்துத் திருமணத்தில் எஞ்சியிருப்பவரையும் குறிக்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணவன் செத்தால் அவள் மனைவி. கணவன் விட்டுப்போனால் அவள் மனைவி இல்லை. விட்டுப்போன கணவனிடமிருந்து விவாகரத்துச் சட்டப்படி சொத்தில் பங்கோ தனக்கான ஜீவனாம்சமோ கேட்க அவளுக்கு வழியில்லை. பிள்ளைகளுக்கான பராமரிப்பு வேறு விஷயம். பெற்றோர் மணந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இருவருமே பிள்ளையைத் தாங்க வேண்டும். பராமரிப்பு நீதிமன்றத்தில் தாலியையோ பதிவேட்டையோ கேட்க மாட்டார்கள்.

அவளுக்கு மிஞ்சுவது ‘முழுமைக் கூட்டு’ என்ற பழைய ரோமன்-டச்சுக் கோட்பாடு. இருவரும் சேர்ந்து உழைத்து, சேர்ந்து சம்பாதித்து, பொதுவாக வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று நிரூபித்தால், எழுதாத கூட்டு ஒப்பந்தம் ஒன்று இருந்ததாக நீதிமன்றம் ஏற்கலாம். 20 ஆண்டு கடையில் நின்றவளுக்கு இது உதவும். ஆனால் நிரூபிக்க வேண்டியது அவள்தான். உயர் நீதிமன்ற வழக்குக்கு வழக்கறிஞரும் பணமும் வேண்டும். பதிந்த திருமணமுள்ளவள் ஒரு சான்றிதழை நீட்டிவிட்டுப் போய்விடுவாள்.

திருமணம் செய்யாமலே நிலையாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் உயிலில்லா வாரிசுரிமை உண்டு என்று 2021 டிசம்பர் 31ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருவரையொருவர் தாங்கும் கடமையை இருவரும் ஏற்றிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். இங்கும் சுமை அதேதான்: புகைப்படம், சத்தியக் கடிதம், உறவினர் வாக்குமூலம். மாமியார் வீட்டார் மறுத்தால் வழக்கு.

பதிந்தாலும் போதாது: சொத்து யாருடையது

பதிவேட்டில் கையெழுத்திடும் பலருக்கு, அந்தக் கையெழுத்து இன்னொன்றையும் முடிவு செய்கிறது என்று தெரிவதில்லை. முன்கூட்டி ஒப்பந்தம் எதுவும் செய்யாவிட்டால், தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அந்தத் திருமணம் தானாகவே ‘கூட்டுச் சொத்துத் திருமணம்’ ஆகிவிடும். இருவரின் சொத்தும் ஒன்று. இருவரின் கடனும் ஒன்று. பாதி பாதி.

வேண்டாம் என்றால் ஏ.என்.சி. எனப்படும் திருமண முன் ஒப்பந்தம். கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன் கையெழுத்திட்டு, மூன்று மாதத்துக்குள் டீட்ஸ் அலுவலகம் எனப்படும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இதில் இரண்டு வகை. ஒன்றில் அவரவர் சொத்து அவரவருக்கே, கடைசிவரை. மற்றதில், 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம் கொண்டுவந்த ‘வளர்ச்சிப் பங்கு’ முறைப்படி, வாழும்போது தனித்தனி. பிரியும்போது அல்லது ஒருவர் இறக்கும்போது வளர்ச்சியை மட்டும் சமன் செய்வார்கள். கணவரின் சொத்து 10 லட்சம் ராண்ட் வளர்ந்திருக்கிறது, மனைவியுடையது 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 லட்சம். அதில் பாதி, 4 லட்சம், மனைவிக்கு வர வேண்டும். வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்தவளின் உழைப்புக்கு இந்த முறையில் மதிப்பு இருக்கிறது. கணவரின் கடன்காரர்கள் பொதுவாக அவளது சொத்தைத் தொடவும் முடியாது. கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மூன்றில் இதுவே பொருத்தமானது என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

கூட்டுச் சொத்துத் திருமணத்தில் ஒருவர் தனியாகச் செய்ய முடியாதவை பல உண்டு. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நம் குடும்பங்களுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: முதலீடாக வைத்திருக்கும் நகையை விற்பதும் அடகு வைப்பதும் இதே பட்டியலில் இருக்கின்றன. மனைவிக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து எடுத்துப்போய் அடகு வைப்பதைக் குடும்ப விஷயம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சட்டம் அதைச் சம்மதமில்லாத பரிவர்த்தனை என்று பார்க்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு முறையை மாற்ற முடியுமா? முடியும். கணவனும் மனைவியும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடன்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும், செலவும் அதிகம். கல்யாணத்துக்கு முன்பு நோட்டரிக்குக் கொடுப்பது இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை.

அண்ணன் பெயரில் உள்ள வீடு

இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற கருத்து இந்தியச் சட்டத்தில் உண்டு, இங்கே இல்லை. இங்கே நிலத்தின் சொந்தக்காரர் என்றால் டீட்ஸ் அலுவலகப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்துக்கு அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. ‘அண்ணன் பெயரில் இருந்தால் என்ன, எல்லாருடைய வீடும்தானே’ என்ற வாக்குக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. ஒரு சங்கிலியாகப் பார்த்தால் இது புரியும்.

1. மூன்று சகோதரர்கள் பணம் போட்டு ஒரு வீடு வாங்குகிறார்கள். வங்கிக் கடன் அண்ணனுக்குத்தான் கிடைக்கும் என்பதால் பத்திரம் அவர் பெயரில். தம்பிகள் மாதாமாதம் கையில் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள்.

2. அண்ணன் ஒப்பந்தமில்லாமல் மணந்திருக்கிறார். ஆகவே வீட்டில் பாதி அண்ணியுடையது. யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள், அண்ணியும்கூட.

3. அண்ணனின் வியாபாரம் நொடித்துப்போகிறது. கடன்காரர்கள் கேட்பது பதிவில் உள்ள சொத்தை. வீடு முழுவதும் கூட்டுச் சொத்துக்குள் இருப்பதால் முழுவதும் போகலாம்.

4. தம்பிகள், இது எங்கள் வீடும்தான், வாய்ப்பேச்சில் ஒப்பந்தம் இருந்தது என்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டப்படி, நிலம் வாங்கும் விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து கையெழுத்தாகியிருக்க வேண்டும். வேறு பொருட்களுக்கு வாய் ஒப்பந்தம் செல்லும், நிலத்துக்குச் செல்லாது.

5. அப்படியானால் கொடுத்த பணத்தையாவது திருப்பிக் கேட்கலாமா? சாதாரணக் கடனுக்குக் காலவரம்பு 3 ஆண்டு. கேட்காமல் விட்ட பழைய தவணைகள் காலாவதி ஆகியிருக்கும்.

6. 30 ஆண்டாக இங்கேயே இருக்கிறோம் என்பதும் உதவாது. 30 ஆண்டு அனுபவத்தால் நிலம் சொந்தமாவது உண்மைதான். ஆனால் சொந்தக்காரர் போலவே, அவரது அனுமதிக்குக் கட்டுப்படாமல் வைத்திருந்தால்தான். அண்ணன் வீட்டில் அண்ணன் சம்மதத்தோடு இருப்பது அந்தக் கணக்கில் சேராது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் வீடு போகிறது. வாங்கும்போதே மூன்று பெயரையும் பத்திரத்தில் ஏற்றியிருந்தால், அண்ணனின் கடன்காரர்கள் அவரது பங்கை மட்டுமே கேட்டிருக்க முடியும்.

இதன் இன்னொரு வடிவம் தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடு. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் இது சாதாரணம். தாத்தா இறந்தபோது மரணத்தை, இறந்தவர்களின் சொத்தை மேற்பார்வையிடும் மாஸ்டர் அலுவலகத்தில் அறிவிக்கவில்லை. பிறகு அப்பாவும் இறந்தார். பேரன் விற்கப் போகும்போது இரண்டு தலைமுறையின் சொத்துப் பங்கீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். சிட்னியிலும் லண்டனிலும் இருக்கும் அத்தைமாரின் கையெழுத்தும் தேவைப்படலாம். 

உயில் இல்லாமல் இறந்தால் நடக்கும் கணக்கு

உயில் இல்லாவிட்டால் சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்பது தவறு. உறவினர் ஒருவருமே இல்லாதபோதுதான் அந்த நிலை. மற்றபடி 1987ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டம் கணக்குப் போட்டுத் தரும். துணையும் பிள்ளைகளும் இருந்தால், துணைக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது அதிகமோ அது. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. கல்யாணம் ஆகிப்போன மகளுக்கும் அதே பங்கு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அதே பங்கு.

9,00,000 ராண்ட் மதிப்புள்ள வீடு ஒன்றே சொத்து. மனைவி, மூன்று பிள்ளைகள். செலவுகளை விட்டுவிட்டுப் பார்ப்போம்.

கூட்டுச் சொத்துத் திருமணம் என்றால் பாதி, 4,50,000, முதலிலேயே அவளுடையது. மீதி 4,50,000ல் அவளுக்கு 2,50,000, பிள்ளைகளுக்கு 2,00,000. வீடு அவள் கையில் ஏறக்குறைய நிற்கும்.

வளர்ச்சிப் பங்கு இல்லாத ஏ.என்.சி. என்றால் முழு 9,00,000மும் இறந்தவருடையது. அவளுக்கு 2,50,000, பிள்ளைகளுக்கு 6,50,000. பிள்ளைகளில் ஒருவர் பணமாகக் கேட்டாலும், தான் சமைத்த அடுப்பங்கரையை விற்க வேண்டிய நிலை அவளுக்கு வரலாம்.

தாலி மட்டும் என்றால், 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டித் தானும் மனைவிதான் என்று முதலில் நிறுவ வேண்டும். அதன்பிறகுதான் மேலே சொன்ன கணக்கு, அதுவும் இரண்டாவது கணக்கு. ஏனென்றால் கூட்டுச் சொத்து என்பது பதிந்த திருமணத்தோடு வருவது.

உயில் எழுதினால் இந்தக் கணக்கையே மாற்றலாம். எழுதும் முறைக்கு 1953ஆம் ஆண்டுச் சட்டம் விதி வைத்திருக்கிறது: 16 வயது நிறைந்தவர், எழுத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, 14 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நம் வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு சாட்சி விஷயத்தில். உயிலால் பயன்பெறுபவரோ அவரது துணையோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், பொதுவாக அவர் அந்தப் பயனை இழப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவசரத்தில் எழுதும்போது பக்கத்தில் இருப்பது மருமகள்தான். அவளையே கையெழுத்துப் போடச் சொல்கிறோம். அது மகனின் பங்கைப் பாதிக்கலாம். சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர் இருவரைக் கூப்பிடுவது மேல்.

கடை, கடன், சீட்டு

கம்பெனி பதிந்துவிட்டால் கடையின் கடன் கடையோடு போய்விடும், வீட்டைத் தொடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கம்பெனி சட்டத்தில் தனி நபர் என்பது சரி. ஆனால் வங்கியும் மொத்த வியாபாரியும் கடன் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் உரிமையாளரிடம் ஷூரிட்டி வாங்கிக்கொள்கிறார்கள். ஷூரிட்டி என்றால் கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற தனிப்பட்ட பிணை. அந்தக் கையெழுத்தோடு கம்பெனிச் சுவரில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

கூட்டுச் சொத்துத் திருமணத்தில் ஷூரிட்டி கொடுக்கவும் துணையின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றுதான் 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் தன் தொழிலின் வழக்கமான போக்கில் கொடுத்தால் அந்தச் சம்மதம் தேவையில்லை என்று அதே பிரிவில் விலக்கும் வைத்திருக்கிறது. சொந்தக் கம்பெனிக்காகக் கொடுக்கும் ஷூரிட்டி இந்த விலக்குக்குள் எளிதில் வந்துவிடும். மனைவிக்குத் தெரியாமலே அவளது பாதியும் பிணையில் போகிறது. இந்த இடத்தில் சட்டம் அவளைக் கைவிடுகிறது என்றே சொல்ல வேண்டும், ஏ.என்.சி. ஒன்றுதான் முன்கூட்டிய காப்பு.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. கடன் நோட்டு. வாடிக்கையாளர் பாக்கி 3 ஆண்டில் காலாவதி ஆகும். நடுவில் அவர் கடனை ஒப்புக்கொண்டாலோ கொஞ்சம் கட்டினாலோ அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு. ஆகவே ஒப்புக்கொண்டதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள்; செல்போன் செய்தியும் சான்றாகும்.

2. சிறு கோரிக்கை நீதிமன்றம். 2019 ஏப்ரலிலிருந்து அதன் வரம்பு 20,000 ராண்ட். வழக்கறிஞர் வாதாட முடியாது. முதலில் எழுத்தில் கேட்டு 14 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அங்கே வழக்குப் போடத் தனிநபரால்தான் முடியும். கம்பெனி வழக்குப் போட முடியாது, கம்பெனிமேல் போடலாம். சொந்தப் பெயரில் கடை நடத்துபவருக்கு இது நல்ல வழி.

3. வட்டிக்குக் கொடுப்பது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, வட்டிக்குக் கடன் கொடுப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். 2016லிருந்து சிறு தொகைக்கும் இந்த விதி உண்டு. பதியாதவர் கொடுத்த கடன் சட்ட விரோதமாகும். வட்டி மட்டுமல்ல, முதலுக்கே சிக்கல் வரலாம். குடும்பத்துக்குள் உதவியாகக் கொடுப்பது பொதுவாக இதில் வராது.

4. சீட்டு. ஸ்டோக்வெல் முறையில், உறுப்பினர்கள் மாதம் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டத்துக்கும் அதன் உறுப்பினருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைக் கடன் சட்டம் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. அதன் விதிகளை எழுதி வைத்திருப்பது அவசியம், ஏனென்றால் விலக்கு அந்த விதிகளின்படி நடப்பதற்குத்தான்.

5. கடையில் உதவும் அக்கா மகன். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், வேலைவாய்ப்பின்மைக் காப்பீட்டுக்கு அவர் சம்பளத்திலிருந்து 1 விழுக்காடும் முதலாளி பங்காக 1 விழுக்காடும் கட்ட வேண்டும். 2019 ஜனவரியில் மணிக்கு 20 ராண்டாகத் தொடங்கி ஆண்டுதோறும் உயர்ந்துவரும் குறைந்தபட்சக் கூலி, சொந்தக்காரப் பையன் என்பதால் குறைவதில்லை.

புதிய மசோதா எதை மாற்றும், எதை மாற்றாது

2023 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த திருமண மசோதா, 1961, 1998, 2006 ஆகிய ஆண்டுகளின் மூன்று தனித்தனித் திருமணச் சட்டங்களுக்குப் பதிலாக ஒரே சட்டத்தைக் கொண்டுவர முனைகிறது. எந்தச் சமயத்தின், எந்த வழக்கத்தின் திருமணமானாலும் ஒரே கூரையின்கீழ் என்பது அதன் நோக்கம். நோக்கம் வரவேற்க வேண்டியது. மசோதா என்பது சட்டமாகக் கேட்கும் விண்ணப்பம் மட்டுமே. அதை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடுவது ஆபத்து. அது சட்டமானாலும் அண்ணன் பெயரில் உள்ள பத்திரம் மாறாது, ஷூரிட்டிக் கையெழுத்து அழியாது, எழுதாத உயில் எழுதப்படாது.

தாலி மட்டும் உள்ள தம்பதிகள், எத்தனை வயதானாலும், இப்போதே செய்யக்கூடியவை இவை. வரிசை முக்கியம்.

1. முதலில் உங்கள் கல்யாணத்தை நடத்திய ஐயர் அந்த நாளில் நியமிக்கப்பட்ட அதிகாரியா, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாரா என்று பாருங்கள். ஹோம் அஃபேர்ஸ் பதிவில் நீங்கள் மணமானவரா மணமாகாதவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிந்ததாக நினைத்திருப்பவர்களும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2. பதியவில்லை என்றால், ஹோம் அஃபேர்ஸுக்குப் போகும் முன் நோட்டரியிடம் போங்கள். கையெழுத்திட்ட பிறகு போனால் கூட்டுச் சொத்து தானாக அமைந்துவிடும்.

3. பிறகு இரண்டு சாட்சிகளோடு பதிவு. பேரப்பிள்ளைகள் உள்ளவர்களும் இதைச் செய்யலாம். சட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லை.

4. அதே வாரத்தில் இருவரும் உயில் எழுதுங்கள். 18 வயது நிறையாத பேரப்பிள்ளைக்குப் பணம் எழுதினால் ஒரு டிரஸ்ட் வழியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அது, சிறார் பணத்தை வைத்துக் காக்கும் மாஸ்டர் அலுவலகத்தின் கார்டியன் நிதிக்குப் போகக்கூடும்.

5. கடைசியாக வீட்டுப் பத்திரம். யார் பெயர், எத்தனை பெயர், இறந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் முதல் வேலை அந்த மரணத்தை மாஸ்டர் அலுவலகத்தில் அறிவிப்பது. சொத்தின் மதிப்பு 2,50,000 ராண்டுக்குள் இருந்தால், எக்ஸிகியூட்டர் (இறந்தவரின் சொத்தைத் தீர்த்துவைப்பவர்) ஒருவரை நியமிக்கும் முழு நடைமுறை இல்லாமல் ஓர் அதிகாரக் கடிதத்தோடு எளிதாக முடித்துக்கொள்ளலாம்.